உங்கம்மா தோள்ல கை போட்ட ரெக்கைக்காரன்

என் தங்க மகளுக்கு அப்பா எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம இருக்கீங்களாம்மா, இங்க உடம்புக்கு யாருக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கு மனசுதான் ஒரு மாசமா சரியில்ல. போன்ல சொல்லலாம்னா போன் உங்கம்மா கையிலயே இருக்கு, உங்க ஊர்ப் பக்கத்துத் திருவிழா, அந்தக் கார்னிவல் போட்டோவக் காட்டறதுக்கே அதுக்குச் சார்ஜ் பத்தல, அதான் எழுதறேன், எழுத்து கோணல்மாணலா இருந்தா பொறுத்துக்க.

உங்கிட்டேருந்து திரும்பி வந்து முப்பது நாளாச்சு, உங்கம்மா இன்னும் ப்ளேனை விட்டு எறங்கல. பால்காரர் வந்தா பாலை வாங்கி வச்சிட்டு, தெருவ அடைச்சுக்கிட்டு வண்டி வருமாம், வண்டி மேல ராணி மாதிரி ஆடுவாளுங்களாம், மேளம் நெஞ்சுக்குள்ளயே அடிக்குமாம்னு ஆரம்பிச்சிடறா, பாவம் அந்த மனுஷன் இன்னும் நாலு தெருவுக்கு ஊத்தணும். முந்தாநாள் துணி தைக்கக் குடுக்கப் போனவ மத்தியானம் வரைக்கும் வரல, தேடிப் போனா, தையக்காரம்மா வீட்டுல ஆறு பொம்பளைங்கள உக்கார வச்சு கார்னிவல் பாக்க நீ கூட்டிட்டுப் போன கடலோர ஊரைச் சொல்லிக்கிட்டு இருக்கா. அந்தத் தையக்காரம்மா வீட்டுக் குளியல் ரூம் நாந்தான் கட்டுனேன், பதினேழு வருஷத்துல ஒரு டைல்ஸ் பேந்ததில்ல, அதை விடு, என்ன சொல்ல வந்தேன், ஆங், என்னைப் பாத்ததும் உங்கம்மா சொல்றா, இவருக்கு இந்த ஆசையெல்லாம் கெடையாது, பொண்ணு எங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டா, வேலை இருக்குன்னுட்டாரு, கல்லும் மண்ணும் போதும் இவருக்குன்னு. ஆறு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், உள்ள எரிஞ்சுது.

அந்தக் கடலோர ஊர்ல ஒரு ரோஸ் கலர் செவுரு, அதுல சாஞ்சுக்கிட்டு பதினோரு போட்டோ எடுத்திருக்கா. முப்பத்தஞ்சு வருஷமா கொத்தனார் வேலை பாக்கறேன், நான் கட்டுன செவுரு ஒண்ணுலயாவது ஒரு நாள் சாஞ்சு நின்னிருப்பாளா? பெருசு பண்ணிப் பாத்தேன், அந்த மூலை நேராவே இல்ல, தூக்குகுண்டு விட்டா ரெண்டு விரக்கடை தள்ளி நிக்கும். சொன்னா, அழகப் பாக்கத் தெரியாத கண்ணுன்னு திட்டறா. சரி, செவுத்தக்கூட விட்டுடலாம், அந்தப் பச்சை ரெக்கைக்காரன் யாரும்மா? முகமூடி போட்டுக்கிட்டு, மயிலுக்குப் பொறந்தவன் மாதிரி, உங்கம்மா தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கறானே. கேட்டா, கார்னிவல்ல எல்லாரும் எல்லார் தோள்லயும் கை போடுவாங்க, நான் அவன் மூஞ்சியே பாக்கலங்கறா. மூஞ்சி பாக்காதவனுக்கு அப்படி ஒரு சிரிப்பா? எங்க கல்யாணப் போட்டோவுல அவ மொகம் உனக்கே தெரியும், பல்லு வலி வந்தவ மாதிரி நிப்பா. அந்த ரெக்கைக்காரன் போட்டோவ நீதான எடுத்த, நீயாவது நடுவுல போய் நின்னிருக்கக் கூடாதா.

அடுத்த வருஷமும் போறாளாம், அப்பப் பத்து நாளாம். அதனால உங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். வேலை இருக்குன்னு நான் நின்னுக்கிட்டது பொய்ம்மா. பாஸ்போர்ட்டுக்கு ரேகை எடுக்கப் போனேன், சிமெண்ட்டு தின்னு தின்னு என் விரல்ல ஒரு கோடுகூட இல்ல, மிஷின்ல ஒண்ணும் விழல. உங்கம்மாவுக்கு மொத நாளே நொடியில விழுந்துருச்சு. எனக்கு விழலன்னு வீட்டுக்கு வந்து எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன், வேலை கெடக்கு, நீ போய்ட்டு வான்னுட்டேன். ஒரு மாசம் சிமெண்ட்டத் தொடாம எண்ணெ தடவிட்டு வாங்கப்பான்னு அந்த ஆபீஸ்ல இருந்த பொண்ணு சொல்லுச்சு, அப்ப ரோஷத்துல கேக்கல. இப்ப இருபத்தஞ்சு நாளா கொத்துக் கரண்டியப் புடிக்கல, மேற்பார்வைன்னு சொல்லிக்கிட்டு நின்னு சித்தாளுங்கள அதட்டிட்டு வர்றேன், குளிச்சதும் பத்து விரலுக்கும் எண்ணெ. இந்த வயசுல யாருக்கு இந்த மினுக்குன்னு உங்கம்மா கேக்கறா. நேத்து போய்ப் பாத்தேன். ஒம்போது விரல் விழுந்துருச்சும்மா. வலது கட்டைவிரல்தான் அடம் புடிக்குது, பத்து நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க.

நீ டிக்கெட்டு ரெண்டா போடு. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத, நான் பக்கத்து சீட்டுல வந்து உக்காந்தப்பறம் அவளுக்குத் தெரிஞ்சா போதும். ஈரத் தலையோட வெளிய போகாத, மாப்பிள்ளைய நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு, ரெண்டு பேரும் நூறு வருஷம் சிரிச்சுக்கிட்டே இருக்கணும். பதில் வீட்டுக்குப் போட்டுடாதம்மா, நான் வேலை பாக்கற எடத்துக்குப் போடு, விலாசம் பின்னால எழுதியிருக்கேன்.

இப்படிக்கு,
உன்னைப் பாக்க வரப்போற அப்பா