ஒருமுறை மட்டுமே படிக்கலாம்

என் ஸ்டெல்லா மக்கா,

இன்று காலை கல்லூரிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக உன் பழைய கணினியின் மின்கம்பியிலிருந்த ப்ளக்கை வெட்டி எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் இயற்பியல் வகுப்புக்குப் போனேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். செவ்வாய்க் கிரகத்துக்கு நம் விண்கலம் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஊரில் எல்லாருக்கும் ராக்கெட் பித்து. நம் கல்லூரி முதல்வரையும் பிடித்துக்கொண்டது. 'அந்தத் தகரப் பெட்டியை எப்போ மாத்துவீங்க' என்று உன்னை நச்சரித்தவர், இப்போது வருகிறவர்களையெல்லாம் உன் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் 'நம்ம ஸ்பேஸ் கம்ப்யூட்டர்' என்று காட்டுகிறார். 'நம்ம'வாம்! புதுக்கடையில், பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில், ஓட்டைப் பாத்திரங்களுக்கும் சைக்கிள் சட்டங்களுக்கும் நடுவே அது கிடந்தபோது யாருடைய கம்ப்யூட்டர்? எடைபோட்டு உடைக்க இருந்தவனிடம் நீ ஒருத்திதானே மல்லுக்கு நின்று மீட்டாய்? மணவாளக்குறிச்சியில் உன் அம்மா மீன் விற்ற தொண்டை உனக்கும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

திருவனந்தபுரத்துக் கடற்கரையிலிருந்து ஏவிய ஆரம்பகால ராக்கெட்டுகளின் சமிக்ஞைகளைக் கணக்குப்போட்ட இயந்திரம் அது என்று நீ கண்டுபிடித்த நாள் நினைவிருக்கிறதா? உள்ளேயிருந்து நினைவகத் தட்டை உருவிக் காட்டினாய். கடுகைவிடச் சிறிய கரிய வளையங்கள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் ஊடாகவும் மயிரிழைச் செம்புக்கம்பி. மின்சாரம் இல்லாமலே, எத்தனை வருடமானாலும், அவை தம் காந்தத்தில் கடைசிக் கணக்கைப் பிடித்துவைத்திருக்கும் என்றாய்.

"ஏட்டி வசந்தா, கடைசியா போன ராக்கெட்டு சொன்ன சேதி இன்னும் இதுக்குள்ள கிடக்கலாம்."

"அப்போ சுவிட்ச போட்டுப் பாரேன்."

"தொட்டா கைய ஒடிச்சிருவேன். படிக்கும்போதே அழிஞ்சிரும். ஒடனே அதுவே திரும்ப எழுதணும். எழுதுற பாகம் செத்துக் கிடந்தா போச்சு. ஒரு தடவதான் மக்கா."

அந்த எழுதும் பாகத்தைச் சரிசெய்யத்தான் வருடக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருந்தாய். பாதிதான் முடிந்தது. டிசம்பரில் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். இது என்ன நியாயம் ஸ்டெல்லா?

திங்கட்கிழமை ஆய்வகத்தில் எறும்பு வரிசை. தொடர்ந்து போனால், உன் இயந்திரத்துக்குள் நுழைகிறது. முன்பலகை பளபளவென்று மினுங்குகிறது. உதவியாளர் தங்கசாமி அண்ணன் கையில் துணியோடு நிற்கிறார்.

"என்ன தேய்ச்சீங்க அண்ணா?"

"நல்ல தேங்காயெண்ணெ டீச்சர். உப்புக் காத்துல்லா, துரு புடிச்சிராதா? வீட்டுல தையல் மெசினுக்கும் அதான் போடுவேன்."

"செம்பு முனையெல்லாம் பச்சைக் களிம்பு ஏறிருமே!"

"சாருதான் மினுக்கி வைக்கச் சொன்னாரு. சனிக்கிழம பெரிய ஆளு வந்து சுவிட்சு போடப்போறாருல்லா?"

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. பாவம், அவர்மேல் என்ன கோபம்? பஞ்சும் ஸ்பிரிட்டுமாக என்னோடு உட்கார்ந்து, போட்ட எண்ணெயை அவரே துடைத்துக் கொடுத்தார்.

முதல்வர் அறைக்குப் போனேன். நீ எனக்குச் சொன்னதையெல்லாம் பொறுமையாக அவருக்குச் சொன்னேன்.

"ஒரு சுவிட்சுக்கா இந்தப் பாடு டீச்சர்? நாலு லைட்டு மின்னினா போதும். அதுல இருக்கறதவிட நூறு மடங்கு என் ஃபோன்ல இருக்கு."

"உங்க ஃபோன் எந்த ராக்கெட்டுகிட்ட பேசியிருக்கு சார்?"

மூலையிலிருந்த எழுத்தர் சிரித்துவிட்டு அதை இருமலாக்கிக்கொண்டார். முதல்வர் சிரிக்கவில்லை. "இன்விடேஷன் அடிச்சாச்சு" என்றார். அழைப்பிதழ் அச்சானபின் நம் நாட்டில் வேறு வாதம் எடுபடுமா?

நான் வெட்டிய ப்ளக்குக்கு இன்று மதியமே புதிது மாட்டிவிட்டார்கள். எலி கடித்ததாம். யார் வெட்டியது என்று கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருட வேலையில் நான் செய்த ஒரே கலகத்தை எலியின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

உன்மேலும் கோபம்தான். வீட்டில் வைத்துக்கொள் என்று நான் சொன்னபோது, 'காலேஜ்லயே கிடக்கட்டும்டி, பிள்ளைங்க பாக்கட்டும்' என்றாய். எல்லாரையும் நம்பினாய். என்னையாவது பக்கத்தில் உட்காரவைத்து அந்த வேலையைச் சொல்லித்தந்திருக்கக் கூடாதா? டார்ச் பிடிக்க மட்டும் நான், இல்லையா?

டார்ச் பிடித்தவள் ஒன்றை மட்டும் நன்றாகப் பார்த்திருக்கிறேன்: அந்தத் தட்டை எப்படிக் கழற்றுவது என்று. நாளை கல்லூரி கூடும்முன் அதை உருவி, நீ பாதி சரிசெய்த எழுதும் பாகத்தையும் சேர்த்து, பழைய பருத்திச் சேலையில் சுற்றி, மார்த்தாண்டத்தில் திருவனந்தபுரம் பஸ் ஏறப்போகிறேன். நீ கடிதம் எழுதிக்கொண்டிருந்தாயே, அந்த இயந்திரத்தோடு வேலைசெய்து ஓய்வுபெற்ற பொறியாளர், அவரிடம் கொடுப்பேன். மீதிப் பாதியை அவர் முடிக்கட்டும். சனிக்கிழமை பெரிய ஆள் வந்து சுவிட்சைப் போடட்டும். நாலு விளக்கு மின்னட்டும். காலிப் பெட்டிக்குக் கை தட்டட்டும். இந்தத் தடவை எலியின் பெயரைச் சொல்ல விடமாட்டேன். எடுத்தது வசந்தா என்று தட்டு இருந்த இடத்திலேயே எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவேன். வேலை போனால் போகட்டும். வீட்டில் இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அந்த வளையங்களைப் படிக்கும் நாளில் நான் பக்கத்தில் இருப்பேன். அந்த ராக்கெட் என்ன சொன்னது என்று உன் கல்லறைக்கு வந்து முதலில் உன்னிடம் சொல்வேன். ஒன்றுமே இல்லை என்றாலும் வந்து சொல்வேன்.

உன் மகள் ஷைனிக்குப் பெரியம்மாவான,
வசந்தா