தவளை தூங்கிவிட்டதா?

டிசம்பர் 1

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மகன் ஆர்லனின் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கழிப்பறையில், துவாலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். காலையில் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, பின்னக் கணக்கெல்லாம் பிறக்கும்போதே தெரிந்தவன் மாதிரி பாடம் நடத்துவேன். இன்று மகள் வாபிக்வன் கதவைத் தட்டினாள்.

"அப்பா, கீழ இருக்கிற எண்ணு வேற வேறயா இருந்தா அப்படியே கூட்டக் கூடாது. சந்தேகம்னா வெளிய வாங்க, நான் சொல்லித் தரேன்."

பதினொரு வயது. என்ன வாய்! யாருடைய வாய் என்று என் மனைவி மார்லிஸைக் கேட்டால் என்னைக் காட்டுவாள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மரம் வெட்டி முதுகு போன பிறகு வீட்டில் இருக்கிறேன். செப்டம்பரிலிருந்து பிள்ளைகளும் வீட்டில்தான் படிக்கிறார்கள். ஆர்லனுக்காகத்தான் எல்லாம். இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அவன் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் வாந்தி, வகுப்பில் மௌனம். இப்போது கண் விழித்ததிலிருந்து கேள்விதான். ஏரி ஏன் விளிம்பிலிருந்து உறையுது? நாய் ஏன் சிரிக்கல? எனக்கு எதற்கும் பதில் தெரியாது. அதனால் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

ஆனால் மார்லிஸ் கொடுத்த தவணை கிறிஸ்துமஸ் வரைதான். அன்று அவள் அக்கா டெல்பின் வருவாள். பள்ளிக்கூட டீச்சராகவே காலம் கழித்தவள். எங்கள் பழங்குடியின் ஓஜிப்வே மொழியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் ஏதாவது பாடியோ சொல்லியோ காட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அக்கா கேட்டுட்டு சரின்னா சரி. இல்லன்னா ஜனவரியில பஸ்ஸுதான்" என்றாள் மார்லிஸ், ராத்திரிச் சாப்பாட்டின்போது.

ஆர்லன் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

டிசம்பர் 4

எங்கள் பழங்கதைகளில் வரும் குறும்புக்காரன் வேனபோஷோவின் கதை ஒன்றை வாபிக்வன் எங்கள் மொழியிலேயே சொல்லப் போகிறாளாம். போன குளிர்காலம் டெல்பின் சொல்லிக் கேட்ட கதை. நல்ல யோசனைதான். ஒரே ஒரு சங்கடம். தரையில் பனி விழாமல் வேனபோஷோ கதையை வாயால் சொல்லக் கூடாது. மீறிச் சொன்னால் தவளை படுக்கைக்குள் வரும். என் சித்தப்பா கோடையில் குடித்துவிட்டு ஒன்று சொன்னார். வந்தது.

வெளியே புல் தெரிகிறது. டிசம்பரில் புல்!

டிசம்பர் 7

பயிற்சி நடக்கிறது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுகிறாள். ஓடுகிறாள், விழுகிறாள், எதையோ தின்கிறாள், வயிற்றைப் பிடிக்கிறாள். ஆர்லன் எதிரே உட்கார்ந்து ஒரு சத்தமும் போடாமல் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

மார்லிஸ் மருத்துவமனை வேலை முடிந்து வந்து கதவருகே நின்று பார்த்தாள்.

"என்ன இது? பேசாத பிள்ளையைப் பேச வைக்கப் போறேன்ன. இப்ப பேசுற பிள்ளையும் போச்சா?"

"பாடத்திட்டம்மா" என்றேன். காலணியைக் கழற்றி என் மேல் எறிந்தாள். குறி தப்பாதவள்.

டிசம்பர் 10

கிறிஸ்துமஸ் மரம் கொண்டுவந்தோம். வெட்டுமுன், எங்கள் வழக்கப்படி, ஆர்லன்தான் நன்றிக்காக அடியில் புகையிலை வைத்தான். மரத்திடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அது எனக்கும் மரத்துக்கும்" என்றான். சரி சார்.

பிறகு மேசையில் உட்கார்ந்து, ஜூனில் உரித்து வைத்த பிர்ச் மரப் பட்டையை மெல்லிசாகப் பிரித்து, மடித்துப் பல்லால் கடித்தோம். விரித்தால் உருவம் வரும், மரத்தில் தொங்கவிடலாம். வாபிக்வனுக்குப் பூ. ஆர்லனுக்கு ஆமை, எட்டுக் கால் ஆமை. எனக்கு முன்பல் இரண்டு இல்லை, நடுவில் வெறும் வெளி வந்தது. "அப்பாவோடது ஏரி" என்று பெயர் வைத்து உச்சிக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் 12

ஆர்லன் திடீரென்று கேட்டான்: "எவ்ளோ பனி இருந்தா பனின்னு அர்த்தம்?"

பதினொரு நாளைக்குப் பிறகு கேள்வி! எனக்குக் குதிக்கலாம் போல் இருந்தது. முதுகு விடவில்லை.

கடைக்காரன் கால் மறையணும் என்கிறான். பக்கத்து வீட்டில் கொட்டகை நிழலில் ஒரு கைப்பிடி கிடந்தால் போதும் என்கிறார்கள். கடைசியில் டெல்பினுக்கே போன் போட்டேன்.

"மதினி, ஒரு சந்தேகம்."

"உனக்கா? ஏழாங்கிளாஸ் வாத்தியாருக்கே சந்தேகமா, கொழுந்தனாரே?"

"உங்க அழகைப் பாத்ததிலேர்ந்து எல்லாமே மறந்துபோச்சு மதினி."

"என் தங்கச்சிக்குக் கண்ணு அன்னிக்கே அவிஞ்சிருக்கு. விஷயத்தைச் சொல்லு."

மதினியும் கொழுந்தனும் கிண்டல் பண்ணாவிட்டால் எங்கள் பக்கத்தில் அது மரியாதைக் குறைச்சல். நாங்கள் ரொம்ப மரியாதையானவர்கள். விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் மாறியது.

"பனி ஒரு அடையாளம்டா. ஒட்டுக்கேக்கிற சின்ன உயிரெல்லாம் தூங்கியிருக்கணும். தவளை தூங்கிட்டா சொல்லலாம். என்னைப் பொறுத்தவரைக்கும் அவ்வளவுதான்."

போனை வைத்ததும் ஆர்லன்: "தவளை தூங்குதுன்னு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 14

மழை. கிறிஸ்துமஸ் மாதத்தில் மழை. தவளைக்கே குழப்பமாக இருக்கும்.

டிசம்பர் 19

மூன்று நாளாகக் கடுங்குளிர். பனி மட்டும் இல்லை. தரை இரும்பு மாதிரி. சதுப்புக்குப் பின்னால் இலைச் சருகைக் கிளறிக் கிளறிப் பார்த்தோம். வாபிக்வன்தான் கண்டுபிடித்தாள். காட்டுத் தவளை ஒன்று, கால் மடக்கி, கல் மாதிரி. தட்டினால் டொக் என்கிறது.

"செத்துப்போச்சு" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றான் ஆர்லன்.

நூலகத்துக்குப் போனோம். வாபிக்வன் படித்தாள், நாங்கள் இருவரும் வாய் பிளந்தோம். இதயமே நின்றுவிடுமாம். மூச்சும் கிடையாதாம். உடம்பில் ஒரு சர்க்கரை ஊறிக் காப்பாற்றுமாம். இளகினால் எழுந்து போய்விடுமாம். நாற்பத்தெட்டு வருஷம் இந்தத் தவளைகளுக்கு நடுவில் இருக்கிறேன், ஒருத்தனும் என்னிடம் சொல்லவில்லை!

தவளையைக் காபி டப்பாவில் சருகோடு வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, வெளிக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். பெரியம்மாவுக்கு அத்தாட்சி காட்டணுமாம். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதற்கும் ஆர்லன் புகையிலை வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

டிசம்பர் 23

மார்லிஸிடம் மெதுவாகக் கேட்டேன், உண்மையாகவே ஜனவரியில் பஸ்ஸா என்று. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நான் ராட்சசி இல்ல. நாளைக்கு அவன் பெரியவனாகி, நாலு பேர் முன்னாடி வாய் திறக்க முடியாம நின்னா யாரைக் கேப்பான்? உன்னையா?"

தட்டைத் துடைத்தேன். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே, என்ன செய்ய?

டிசம்பர் 25

பனி இல்லை.

டெல்பின் மான்கறியும் பொரித்த ரொட்டியும் கொண்டுவந்தாள். காட்டரிசி நான் ஆக்கினேன், குறை சொன்னாள், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அதெல்லாம் பிறகு. முதலில் இறந்துபோனவர்களுக்குத் தட்டு போட்டு வெளியே வைத்தோம். அப்புறம் எல்லாரும் வாபிக்வனைப் பார்த்தார்கள். டெல்பின் ஜன்னலைப் பார்த்தாள்.

"புல்லு தெரியுதே, கண்ணு."

ஆர்லன் எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்தான். அவள் முன்னால் திறந்தான்.

"பெரியம்மா, தூங்குது. தட்டிப் பாருங்க."

பெரியம்மா கரண்டியால் தட்டினாள். டொக். எதற்கும் அசராத பொம்பிளை, இரண்டாவது தரமும் தட்டினாள்.

"இதயம்?"

"நின்னுருக்கு. ஆனா சாகல." அப்புறம் சர்க்கரை, மூச்சு, சருகு, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான். பாதி எங்கள் மொழி, பாதி இங்கிலீஷ். மார்லிஸ் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சரி" என்றாள் டெல்பின். "சொல்லட்டும்."

வாபிக்வன் சொன்னாள். கதையை இங்கே எழுத மாட்டேன், எழுத உட்காருமுன் நான் தவளையைத் தட்டிப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு சொல் அவளுக்கு வரவில்லை. கை மட்டும் அந்தரத்தில் நின்றது. அடுப்புப் பக்கத்திலிருந்து ஆர்லன் அந்தச் சொல்லைச் சொன்னான். அவன் சொன்ன விதத்தில் டெல்பினுக்குச் சிரிப்பு வந்து, கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.

சாப்பிட்டு முடித்து, விளையாடி, காபி குடித்து, புறப்படும்போது கோட்டு மாட்டிக்கொண்டே டெல்பின் சொன்னாள்: "வியாழக்கிழமை தோறும் நான் வரேன்."

"பிள்ளைங்களுக்கு மொழி சொல்லித் தரவா?" என்றாள் மார்லிஸ்.

"அது அதுபாட்டுக்கு நடக்குது. உன் புருஷனுக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தர. கழிப்பறையில துவாலை எடுக்கப் போனேன்."

மார்லிஸ் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

டப்பாவைக் கொட்டகையில் திரும்ப வைக்க எல்லாரும் மறந்திருந்தோம். அது அடுப்புப் பக்கத்தில், பூட்ஸ்களின் நடுவில், மூடி இல்லாமல் இருந்தது. உள்ளே சருகு மட்டும்.

டெல்பின் இடது பூட்ஸை மாட்டினாள். வலது பூட்ஸில் காலை விட்டாள். எடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். என் செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு காருக்குப் போனாள்.