தாவேத்தியின் சவுனாவும் நகர எல்லையும்

நவம்பர் 20

டாம்பெரே நகரம் இன்று எங்கள் ஊரை விழுங்கிவிட்டது. விழுங்கிய கணினி பின்லாந்துப் புள்ளியியல் அலுவலகத்தில் என் மேசையில்தான் இருக்கிறது; நகர எல்லைகளைக் கணக்கிடுவது என் வேலை. ஆள் குடியிருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருநூறு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒரே நகரம். விதி அவ்வளவுதான். நகரத்துக்கும் எங்களுக்கும் நடுவே அகலமாக ஒரு வயல் இருந்தது. இன்றைய சோதனை வரைபடத்தில் வயல் நடுவே ஒரு புள்ளி. குடியிருப்பவர்: ஒருவர்.

நவம்பர் 21

புள்ளியின் பெயர் தாவேத்தி. பக்கத்து வீட்டுக்காரன். மனைவி இர்யாவோடு சண்டை போட்டு, வயலில் இருக்கும் அவர்களுடைய சவுனாவுக்கு, அந்த நீராவிக் குளியல் குடிலுக்கு, மெத்தையோடு போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகிறவன் சும்மா போகக் கூடாதா? முகவரி மாற்றத்தை மக்கள்தொகைப் பதிவகத்துக்கு முறைப்படி தெரிவித்திருக்கிறான்.

"ஒரு வாரத்துக்குள்ள சொல்லணும்ல. சட்டம்யா."

"மூணு மாசத்துக்குள்ள திரும்பி வந்துட்டா சொல்லவே வேண்டாமேப்பா."

"யாரு திரும்புறா?"

நவம்பர் 22

ஊரில் இருப்பது ஒரே கடை, என் அக்கா ஐலாவுடையது. கிராமக் கடைகளுக்கான அரசு உதவியில்தான் அது மூச்சு விடுகிறது. வருடக் கடைசியில் பதிவகத்தில் இருப்பதை வைத்து எல்லை போடுவோம். நாங்கள் நகரமாகிவிட்டால் கடை போச்சு.

"எல்லைக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா உன் கை முறிஞ்சிருமாடா?"

"கோடு நான் போடலக்கா. விதி போடுது."

"அப்ப உனக்கு எதுக்குச் சம்பளம்?"

இதை என் மேலதிகாரி கேட்காதவரை நல்லது.

டிசம்பர் 8

சமாதானத் தூதன் ஆனேன். தாவேத்தியின் குறட்டை இல்லாமல் தூக்கமே வருவதில்லை என்று இர்யா என் மனைவி ஹெல்வியிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். அதை அவனிடம் சொன்னேன். கடையில் நின்றவர்களிடமும் சொன்னேன். நல்ல செய்தியை ஒருவரோடு எப்படி நிறுத்துவது?

டிசம்பர் 10

தாவேத்தி வீடு திரும்பினான். மெத்தை வந்து சேரும் முன்பே முகவரியை மாற்றிவிட்டான். தங்கமான மனிதன்.

டிசம்பர் 11

ஹெல்விக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"இர்யா என் மூஞ்சில முழிக்க மாட்டேங்குறா. நீ என்ன, ஊருக்கு ரேடியோவா? எங்கயாவது போய்ப் படு."

எங்கே போக? ஊரில் இப்போது காலியாக இருப்பது ஒரே இடம், தாவேத்தியின் சவுனா.

போகிற போக்கில் கேட்டேன் — தொழில் புத்தி — "எத்தனை நாளைக்கு?"

"சாகுற வரைக்கும்."

ஆக, நிரந்தரம்.

டிசம்பர் 19

வாரம் தாண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன வாய். நான் உண்மையைத் தெரிவித்தால் புள்ளி மறுபடி முளைக்கும், கடை மூடும். தெரிவிக்காவிட்டால்? நான் யார் அப்போது?

ஐலா மீன் ரொட்டியோடு சவுனாவுக்கு வந்தாள்.

"முகவரியை மாத்தின, மவனே, இந்தக் குடிலோட உன்னையும் கொளுத்திருவேன்."

டிசம்பர் 31

கணினியில் முகவரி மாற்றப் படிவத்தைத் திறந்தேன். மூடினேன்.

ஜனவரி 15

எல்லை வயலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஐலா கடைக்குப் புது விளக்கு மாட்டியிருக்கிறாள். இங்கே விறகு ஈரம், முதுகு பிடித்திருக்கிறது. அரசாங்கக் கணக்குப்படி நான் ஹெல்வியின் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.