ஃபேரர் பார்க் திடல் படத்தில் அண்ணன்

திங்கள்
காலையிலிருந்து மழை. குடை ஆபீஸில், நான் வீட்டில்.

ஃபேரர் பார்க் பக்கத்துத் திடலைப் புதுப்பிக்கப் போகிறார்கள். முடிந்ததும் எப்படி இருக்கும் என்று காட்டும் படம் என் பொறுப்பு. மரம், பெஞ்சு, புல், மாலை வெயில் எல்லாம் ஆயிற்று. இனி ஆட்களை ஒட்ட வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆட்கள் எல்லாம் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள். ஒருத்தி கழுத்தில் கம்பளி மஃப்ளர். இந்த ஊர் வெயிலில்!

செவ்வாய்
போன ஞாயிறு திடலில் எடுத்த போட்டோவிலிருந்து எங்கள் ஊர் மணி அண்ணனை வெட்டி ஒட்டினேன். புல்லில் ஒரு காலைக் குத்தவைத்து, தொப்பியைத் திருப்பிப் போட்டு, கையில் பரோட்டா பொட்டலம். நிழலும் போட்டேன். ஆள் ஒரு லேயர், நிழல் தனி லேயர்; ஒன்றை அழித்தாலும் மற்றது அப்படியே இருக்கும்.

பூன் லேயில் வேலையில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். ஷிப்யார்டு சத்தத்துக்கு நடுவே கத்தினார்: "நெசமாவா பாப்பா? பெரிய போர்டுலயா? ஊர்ல உங்க அண்ணிகிட்ட சொல்லிடறேன்!"

தேக்கா மார்க்கெட்டில் வஞ்சிர மீன் வாங்கினேன். குடை மறக்கக்கூடாது.

வியாழன்
பாஸ் ராஜன் சார் படத்தைப் பார்த்தார்.

"யாரு இது, சும்மா உக்காந்துக்கிட்டு? கிளையண்டுக்குப் பிடிக்காது லா. ஜாகிங் போற ஆளப் போடுங்க."

"ஞாயித்துக்கிழமை அங்க இப்படித்தான் சார் உக்காந்திருப்பாங்க."

"அது இப்போ. இது ஃபியூச்சர் லா."

ஃபியூச்சராம்! பற்றிக்கொண்டு வந்தது. வாரம் முழுக்க வெல்டிங் அடிப்பவர் ஒரு சாயங்காலம் புல்லில் உட்கார்ந்தால் யார் கண்ணை உறுத்துகிறது? எடுக்க மாட்டேன் என்றேன். மவுஸைப் பிடுங்கி அவரே அழித்துவிட்டு, ஓடுகிற ஆள் ஒருவனை ஒட்டினார்.

வெள்ளி
காலையில் படம் அச்சுக்குப் போகுமுன் பார்த்தேன். அண்ணன் இல்லை, நிழல் மட்டும் இருக்கிறது. சார் அந்த லேயரை மறந்துவிட்டார்.

"ஓக்கேவா?" என்றார்.

"நீங்கதான பாத்தீங்க சார்."

அனுப்பிவிட்டார். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வார ஞாயிறு
நல்ல வெயில். திடலில் போர்டு வைத்துவிட்டார்கள், தரை வரைக்கும். அண்ணன் தேய்த்த சட்டையில், இரண்டு சிநேகிதர்களோடு.

"உங்கள எடுத்துட்டாங்கண்ணே." அவமானம் எனக்குத்தான்.

அவர் படத்தில் ஓடுகிறவனைத் தாண்டிப் போய்க் குனிந்து பார்த்தார். புல்லில் அந்த நிழல்: குத்தவைத்த கால், திருப்பிப் போட்ட தொப்பி.

"டேய், இது நாந்தான்டா."

போனை என்னிடம் கொடுத்தார். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நிழல் தொடங்கும் இடத்தில், போர்டில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்.

"எடு பாப்பா. அண்ணிக்கு அனுப்பணும்."