அக்கி இருந்த தோள்

அமாவாசை, ராத்திரி

என் மகன் கவினுக்கு உடம்பெல்லாம் சின்னம்மை. நாலு வயசுப் பிள்ளை எரிச்சல் தாங்காமல் அழுகிறான். என்னைப் பெற்ற நைனாவுக்கோ பெருமை. "அம்மா வந்துட்டுப் போனா ஆயுசுக்கும் பலம்மா. ஊசி இன்னா பெரிய ஊசி?" தடுப்பூசி போடவிடாமல் மறித்தவரும் அவர்தான்.

செஞ்சி டாக்டர், "வீட்ல யாருக்காவது அக்கி வந்துதா?" என்று கேட்டார். நைனாவின் தோளில் போன மாசம் வந்தது. குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு, அதே தோளில் பேரனைத் தூங்கவைத்தார். அங்கிருந்துதான் தொற்றியிருக்கும் என்றார் டாக்டர். நைனாவுக்குச் சின்ன வயதில் வந்த அம்மைதான் உடம்பிலேயே ஒளிந்திருந்து அக்கியாகக் கிளம்பியதாம்.

"ஊசியிலயும் எதிர்ப்பு சக்தி வரும்மா. அம்மை வந்தா கொஞ்சம் கூடவே வரலாம். அதுக்காகப் புள்ள இப்படி வேகணுமா?" என்று கேட்டார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தேன். "அம்மா இருக்குற ஊட்ல சத்தம் போடாத" என்று நைனாவே அடக்கிவிட்டார். அதனால்தான் இந்த டைரியில் எழுதுகிறேன்.

கவினுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மா இறங்கட்டும். அப்புறம் இருக்கிறது நைனாவுக்கு.