சிவப்புப் பட்டையில் உன் கேள்வி

மச்சான்,

இன்று காலை கடையில் இருந்தபடியே நம் ஊர்த் தளத்தில் ஒரு ஜனாஸா அறிவித்தலைத் தட்டினேன். அவசரத்தில் எந்த மையவாடியில் அடக்குகிறார்கள் என்பதைப் போடவில்லை. சேமித்ததும் மேலே அந்தச் சிவப்புப் பட்டை வந்துவிட்டது: "எத்தின மணிக்கு, எந்த மையவாடியில? அதைச் செல்லாட்டி ஆக்கள் எங்க வந்து நிக்கிற?" நீ எழுதி வைத்த வரி. வாசிக்கும்போது உன் குரல்தான் கேட்கிறது.

மடவளைக்கென்று நாம் இணையத்தளம் தொடங்கிய புதிதில், எதை விட்டுவிட்டுச் சேமித்தாலும் "சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் பல்லிளிக்கும். அப்படி நேரம் குறிப்பிடாமல் வெளியான ஓர் அறிவித்தலைப் பார்த்து, புசல்லாவையிலிருந்து ஒருவர் பஸ் மாறி மாறி வந்தார். அவருடைய கூடப்பிறந்த மூத்த நானாவை அதற்குள் அடக்கிவிட்டார்கள். அவர் மையவாடி வாசலில் நின்ற நிலையைப் பார்த்த பிறகு நீ சும்மா இருக்கவில்லை.

என் கடை மேசையிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாய். எச்சரிக்கை எழுதினாலும் திரையில் வரவில்லை. "சேமிச்சதும் பக்கம் புதுசாத் தொறக்குது மச்சான், செய்தி வழியில விழுந்துடுது. ஒரு இடத்துல எடுத்து வெச்சு, பக்கம் திரும்பி வரக்குள்ள காட்டணும்" என்றாய். முதல்முறை சிவப்பு வந்தபோது இரண்டு பேருக்கும் பிளேன்டீ சொன்னாய். "இனி உன்னை நம்பத் தேவல்ல, அதுவே கேக்கும்" என்று என்னைச் சீண்டவும் செய்தாய்.

பிறகு கொரோனா வந்தது. அதில் மௌத்தானவர்களை அரசாங்கம் அடக்க விடாமல் எரித்த காலம். உன் நானாதான் அழைத்தார். "எரிச்சிட்டாங்க தம்பி" என்றார்.

உன் அறிவித்தலை எழுத உட்கார்ந்தேன். உன் பெயர், வாப்பாவின் பெயர், தெரு எல்லாம் போட்டேன். நேரத்துக்கும் இடத்துக்கும் போட ஒன்றுமில்லை. சேமித்தேன். சிவப்பில் நீயே கேட்டாய். அறிவித்தல் வெளியே போகாமல் வரைவாகவே நின்றுவிட்டது.

இப்போது தளத்தைப் பார்த்துக்கொள்பவர், "அந்தக் கேள்விய வர வெக்கிற ரெண்டு வரிய அழிச்சா சரி, அறிவித்தல் போயிடும்" என்றார். வேண்டாம் என்றேன். நீ கேட்டது நியாயமான கேள்வி. அதை அழித்து உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை.

இன்றைய அறிவித்தலுக்கு இடத்தைப் போட்டேன், பச்சை வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் போவார்கள், மண் போடுவார்கள். அதன்பின் வழக்கம்போல உன்னுடையதைத் திறந்து சேமித்துப் பார்த்தேன்.

ஆக்கள் எங்கே வந்து நிற்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, மச்சான்.