இனிஷியலில் இருந்த பெரியப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

கப்பலேறிய பின் தகவலே இல்லாமல் போன உங்கள் பெரியப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன்! ஆவணக் காப்பகத்தில் ஆறு விடுமுறை நாள் அவர் பெயரிலேயே தேடி ஏமாந்தேன். நம் இனிஷியலில் இருக்கும் அப்பா பெயரைத்தான் இங்கே குடும்பப் பெயராக எழுதுகிறார்கள். என் சம்பளச் சீட்டிலும் நீங்கள்தான். அது உறைத்ததும் அவருடைய அப்பா பெயரில் தேடினேன். ஐந்தே நிமிடத்தில் முகவரியோடு கிடைத்தார்!

போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் அவருடைய மகள்; உங்கள் பெரியப்பா காலமாகி வெகுகாலமாம். அப்படியே உங்கள் மூக்கு. விவரம் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள வாம்மா, சாப்பிட்டியா?" இங்கு வந்த பிறகு என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள்.

கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் தாத்தா படத்தைப் பிரதி எடுத்து அனுப்புங்கள். அத்தை பார்த்ததே இல்லையாம். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அத்தையின் எண் பின்பக்கம் இருக்கிறது. கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்பீர்களே, "என் தம்பி எப்போ பேசுவான்?" என்று கேட்கிறார்.

உங்கள் மகள்